தெருவில் மினிமலிஸ்ட் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய சுவர், அதன் ஓரத்தில் ஒரு சின்ன ஆள். நீண்ட படிக்கட்டு, அதில் ஒரே ஒரு குடை. இப்படிப்பட்ட தெருப் படங்களைப் பார்க்கும்போது இதில் என்ன பெரிய வேலை என்று தோன்றும். எடுக்கப் போனால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேண்டாதது நாலு வந்து நிற்கும். பல வருடங்களாக நானே எனக்குள் கேட்டுக்கொண்டவையும், கூடவே படம் எடுக்க வந்த நண்பர்கள் கேட்டவையுமான கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேமராவே போனாக இருந்தாலும் பெரும்பாலானவை பொருந்தும்.

மினிமலிஸ்ட் படம் என்றால் காலியான படம்தானே?

காலி இடம் பாதிதான். வெறும் சுவரை எடுத்தால் அது வெறும் சுவர். அதே சுவரின் கீழ் மூலையில் ஒருவர் தலை குனிந்து நடந்துபோனால் சுவர் உயர்ந்துவிடுகிறது, அவர் தனியாகிவிடுகிறார். சுவர் மாறவில்லை, அதற்கு ஒரு வேலை வந்திருக்கிறது. காலி இடத்துக்கு வேலை இருக்கிறதா என்றுதான் என் ஒவ்வொரு படத்திலும் பார்க்கிறேன்.

அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. காலி இடத்தில் பாதியைக் கையால் மறைத்துப் பாருங்கள். படம் அப்படியே நின்றால் அந்தப் பாதி சும்மா இருந்தது என்று அர்த்தம். மறைத்ததும் அந்த ஆளின் தனிமையோ, வேகமோ, அமைதியோ போய்விட்டால் அந்த இடம் இருந்தே ஆக வேண்டும்.

மினிமலிசம் என்ற பெயர் 1960களில் நியூயார்க்கின் சிற்பிகள், ஓவியர்களைச் சுற்றிப் புழக்கத்துக்கு வந்தது. புகைப்படத்தில் அந்தப் பார்வை அதற்கும் முந்தியது. பால் ஸ்ட்ராண்ட் 1915-இல் வால் ஸ்ட்ரீட்டில் எடுத்த படத்தில், ஒரு வங்கிக் கட்டடத்தின் இருண்ட செவ்வகக் குழிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் கீழே காலை வெயிலில் நீண்ட நிழல்களோடு சிலர் நடந்து போகிறார்கள். ஆட்கள் ஒருவர் இருவர் அல்ல, பலர். ஆனாலும் படத்தில் இரண்டே விஷயங்கள்தான் இருக்கின்றன: அந்தக் குழிகளும், அவற்றின் கீழே மனிதர்களும். எத்தனை பொருள் இருக்கிறது என்று எண்ணுவதைவிட, கண்ணுக்கு எத்தனை வேலை இருக்கிறது என்று எண்ணுவது சரியான கணக்கு.

தெருவில் எங்கே திரும்பினாலும் வண்டி, கம்பி, விளம்பரப் பலகை. எளிமைக்கு எங்கே போவது?

கண் மட்டத்தில் நேராகப் பார்த்தால்தான் இத்தனை நெரிசல். கேமராவை மேலிருந்து கீழாகவோ கீழிருந்து மேலாகவோ திருப்பிப் பாருங்கள்.

நடை மேம்பாலத்தில் ஏறிக் கீழே பார்த்தால் சாலையே பின்னணி ஆகிவிடும். வானமும் கடைகளும் கம்பிகளும் ஒரே அடியாக மறைந்து, சாம்பல் நிறத் தரையும் சில வெள்ளைக் கோடுகளும் மட்டும் மிஞ்சும். ஹங்கேரியக் கலைஞர் மொஹோலி-நாட்ஜ் 1928-இல் பெர்லின் வானொலிக் கோபுரத்தின் மேலிருந்து இப்படித்தான் நேர் கீழே பார்த்து எடுத்தார். பனி மூடிய தரை அவருக்கு ஒரு வெள்ளைத் தாள் மாதிரி ஆகிவிட்டது. எதிர்ப்பக்கம், கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கி லேசாக மேலே நிமிர்த்தினால் நடப்பவருக்குப் பின்னால் வானம் வந்துவிடும். மேடான சாலையோ படிக்கட்டின் உச்சியோ கிடைத்தால் இது இன்னும் எளிது.

இரண்டுக்கும் வழியில்லாத இடத்தில் பக்கவாட்டில் நகருங்கள். இரண்டு அடி நகர்ந்தால் ஒரு கம்பம் இன்னொரு கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஜூம் செய்து இதைச் சாதிக்க முடியாது. முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றையொன்று மறைப்பது நாம் எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது, லென்ஸைப் பொறுத்தது அல்ல.

முதலில் ஆளைத் தேட வேண்டுமா, பின்னணியையா?

பின்னணியை. சுவாரசியமான ஆளைப் பார்த்துப் பின்னாலேயே போனால், அவர் போகும் இடமெல்லாம் பின்னணி குப்பையாக இருக்கும். நல்ல பின்னணியைக் கண்டுபிடித்து நின்றால் ஆட்கள் தானாக வருவார்கள். சொன்னால் புரியாது, ஒரு படம் எடுத்த கதையைச் சொல்கிறேன்.

ஒரு கட்டடத்தின் பக்கச் சுவர். வெளிர் மஞ்சள், நான்கு மாடி உயரம், சன்னல் ஒன்றுகூட இல்லை. இடது ஓரத்தில் ஒரு மழைநீர்க் குழாய் மேலிருந்து கீழ்வரை நேராக இறங்கும். மாலையானால் எதிர்க் கட்டடத்தின் நிழல் அந்தச் சுவரில் ஏறும். ஒரு கட்டத்தில் நிழலின் விளிம்பு சுவரடியின் நடுவில் தொடங்கி வலது மேல் மூலையில் போய் முடியும். இடப்பக்கம் வெயில், வலப்பக்கம் நிழல், நடுவே கத்தியால் கீறியதுபோல் ஒரு சாய்கோடு. அந்தக் கோடு மூலையைத் தொட்டு நிற்பது பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான்.

முதல் நாள் இரண்டு பேர் பேசிக்கொண்டே வந்தார்கள். ஒருவர் மேல் ஒருவர் ஒட்டிக்கொண்டு ஒரே கறுப்புத் திட்டாகத் தெரிந்தார்கள். அப்புறம் ஒரு சைக்கிள் வந்தது. ஷட்டர் வேகம் 1/125 நொடியில் இருந்ததால் கலங்கிவிட்டது. இரண்டாம் நாள் அடர்நீலச் சட்டைக்காரர் ஒருவர் நிழலுக்குள் இருந்தபோது அவசரப்பட்டு அழுத்தினேன், ஆளே காணாமல் போனார். மூன்றாம் நாள் வலப்பக்கத்திலிருந்து தோளில் ஏணியோடு ஒருவர் வந்தார். ஏணியின் முன்முனை தாழ்ந்து பின்முனை உயர்ந்திருந்தது. அவர் நிழலைத் தாண்டி வெயிலில் காலை வைத்த நேரத்தில் ஏணியின் சாய்வும் நிழலின் சாய்வும் ஒன்றாக நின்றன. ஏணியின் நிழல் படிப்படியாகச் சுவரில் விழுந்தது. நான்கு முறை அழுத்தினேன். இரண்டாவதில் அவர் கால்கள் விரிந்திருந்தன, குதிகால் தரையைத் தொட இன்னும் ஒரு விரல் இடைவெளி இருந்தது.

வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோது கீழ் வலது மூலையில், நிழலுக்குள், வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் பை கிடந்தது. மூன்று நாளும் நான் அதைப் பார்க்கவே இல்லை. ஏணிக்காரரையே பார்த்துக்கொண்டிருந்த கண் அந்த மூலைக்குப் போகவில்லை. அதன்பிறகு ஒரு பழக்கம் வந்துவிட்டது: ஆள் வரும்வரை நான்கு மூலைகளையும் நான்கு விளிம்புகளையும் சுற்றிச் சுற்றிப் பார்ப்பேன். கீழே கிடப்பதை எடுத்துப் போட முடியும் என்றால் போய் எடுத்துப் போட்டுவிட்டு வருவேன்.

ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பது?

வெளிச்சம் இருக்கும்வரை. வெளிச்சம் மாறிவிட்டால் அடுத்த நாள். ஒரே மூலைக்குப் பத்து தடவை போவதில் கிடைப்பது, பத்து மூலைக்கு ஒரு தடவை போவதில் கிடைக்காது.

ஆள் ஃப்ரேமில் எங்கே இருக்க வேண்டும்? மூன்றில் ஒரு பங்கு விதியைப் பின்பற்றலாமா?

ஃப்ரேமை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்றாகப் பிரித்து, அந்தக் கோடுகளில் ஆளை வைக்கச் சொல்லும் விதி அது. தொடக்கத்தில் உதவும், பிறகு இடைஞ்சலாகிவிடும். இந்த வகைப் படங்களில் ஆள் மிகச் சிறியவர். அதனால் விளிம்புக்கு மிக அருகில் வைத்தாலும் தாங்கும், நட்டநடுவில் வைத்தாலும் தாங்கும். நடுவில் வைத்தால் அசைவற்ற, கோயில் முகப்பு போன்ற சமநிலை வரும். மூலைக்குத் தள்ளினால் ஒரு இழுப்பு வரும்.

எந்தத் திசையில் போகிறார் என்பது முக்கியம். முன்னால் இடம் விட்டால் போகிறவர். பின்னால் இடம் விட்டால் வெளியேறுகிறவர். விதிப்படி முன்னால்தான் இடம் விட வேண்டும் என்பார்கள். நான் பாதி நேரம் பின்னால் விடுகிறேன், ஏனென்றால் ஒருவர் ஃப்ரேமை விட்டுப் போகும் கடைசி அடியில் அவர் கடந்து வந்த இடம் முழுவதும் தெரிகிறது.

உருவத்தின் வெட்டு சுத்தமாக இருக்க வேண்டும். நடப்பவர் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு அடி வைக்கிறார். கால்கள் ஒன்றாகச் சேரும்போது ஆள் ஒரு கம்பம்போல் ஆகிவிடுவார். விரியும்போதுதான் நடக்கிறார் என்பது தெரியும். கைக்கும் உடலுக்கும் நடுவே, காலுக்கும் காலுக்கும் நடுவே பின்னணி எட்டிப் பார்க்க வேண்டும். தொடர்ச்சியாக நாலைந்து படம் எடுக்கும் வசதியை இதற்குத்தான் பயன்படுத்துகிறேன். ஷட்டர் 1/500 வைத்தால் நடப்பவர் கூர்மையாக நிற்பார். சைக்கிளுக்கு 1/1000.

எவ்வளவு சிறியதாக இருக்கலாம்?

ஆள் என்று தெரிகிறவரை. ஃப்ரேம் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு வசதியான அளவு, இருபதில் ஒன்று துணிச்சலான அளவு. பத்தில் ஒன்று வேண்டுமானால், போனின் முதன்மை லென்ஸான சுமார் 26 மி.மீ.-க்கு (இந்த எண் கூடக்கூட லென்ஸ் பார்க்கும் பரப்பு குறுகும்) 17 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 50 மி.மீ.-க்கு 35 மீட்டர் வேண்டும். தெருவில் 35 மீட்டர் மறைப்பில்லாமல் கிடைப்பது அரிது, அதைக் கணக்கில் வைத்து லென்ஸைத் தேர்ந்தெடுங்கள்.

படம் எடுக்கக் காலையும் மாலையும்தானே நல்லது? நடுப்பகல் வீண்தானே?

வீண் என்று சொல்ல மாட்டேன். எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

நீண்ட நிழல் வேண்டுமென்றால் சூரியன் தாழ்வாக இருக்க வேண்டும். சூரியன் 45 பாகை உயரத்தில் இருந்தால் ஆளின் நிழல் அவர் உயரம்தான். 30 பாகையில் 1.7 மடங்கு, 15 பாகையில் 3.7 மடங்கு. கடைசி அரைமணியில் நிழல் ஆளைவிடப் பெரிய பாத்திரமாகிவிடும். அப்போது மேலிருந்து எடுத்து, ஆளை ஒரு புள்ளியாகவும் நிழலை முழு உருவமாகவும் வைக்கலாம்.

நடுப்பகலில் தரையில் நிழல் குட்டையாகிவிடும். ஆனால் சுவர்களில் நிலைமை வேறு. பால்கனி, சன்னல் மேல்கூரை, குழாய் என்று துருத்திக்கொண்டிருப்பதெல்லாம் அப்போது சுவரில் நெடுக நிழல் விடும். குறுகிய சந்துகளுக்குள் வெயில் நேராக இறங்குவதும் அந்த நேரத்தில்தான். இருட்டான சந்தில் ஒரு முழ அகலத்துக்கு வெளிச்சப் பட்டை, அதை ஒருவர் கடக்கும் அரை நொடி: இந்தப் படம் மாலையில் கிடைக்காது.

நிழலின் கூர்மை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சூரியன் ஒரு புள்ளி அல்ல, வானத்தில் அரைப் பாகை அகலமுள்ள வட்டம். அதனால் நிழலின் விளிம்பு, பொருளுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தில் மீட்டருக்குச் சுமார் ஒரு செ.மீ. அளவுக்குக் கலங்கும். சுவரை ஒட்டிய கம்பியின் நிழல் பேனாக் கோடு மாதிரி விழும். அதே கம்பி ஐந்து மீட்டர் தள்ளி இருந்தால் நிழல் கரைந்தே போகும். கோடு கோடாக நிழல் தேடுகிறவர்கள் சுவரை ஒட்டிய கைப்பிடிகளையும் கிராதிகளையும் பாருங்கள்.

மேகமூட்டமான நாளிலும் வெளியே போகலாம். வானம் முழுக்க ஒரே வெள்ளையாக இருப்பதே பெரிய பின்னணி.

வெள்ளைச் சுவர் சாம்பலாகவும், இருண்ட தெரு வெளுப்பாகவும் வருகிறது. ஏன்?

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். 18 சதவீதம் ஒளியைத் திருப்பும் சாம்பல்தான் பழைய அளவுகோல். சாதாரணக் காட்சியில் வெள்ளையும் கறுப்பும் கலந்திருப்பதால் கணக்கு சரியாக வரும். நம் படங்களில் ஃப்ரேம் முழுக்க ஒரே தொனி இருப்பதால் கணக்கு தவறிவிடுகிறது. மினிமலிஸ்ட் படங்களில் எக்ஸ்போஷரை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பது இதனால்தான்.

ஃப்ரேமை வெள்ளைச் சுவரோ பனியோ மூடுபனியோ நிறைத்திருந்தால் எக்ஸ்போஷர் ஈட்டை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் +/− அமைப்பு) +1 முதல் +1.7 வரை ஏற்றுங்கள். இருண்ட தெருவில் ஒரு வெளிச்சத் திட்டு மட்டும் இருந்தால் −1 முதல் −2 வரை இறக்குங்கள். இறக்கியதும் நிழலுக்குள் இருந்த குப்பைத்தொட்டி, மீட்டர் பெட்டி, நிறுத்தியிருக்கும் வண்டி எல்லாம் கறுப்புக்குள் போய்விடும். வேண்டாததை அகற்ற எனக்குத் தெரிந்த வழிகளில் மிகச் சுத்தமானது இது. வெளிச்சத்துக்கு மட்டும் எக்ஸ்போஷர் வைத்தால் தெருவே தன்னைக் கழுவிக்கொள்ளும்.

போனில் வெளிச்சமான இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். பிறகு சூரியக் குறியைக் கீழே இழுங்கள். பல போன்களில் தானாக வேலை செய்யும் ஹெச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் சமன் செய்யும் வசதி), நிழலை வெளிச்சமாக்கி குப்பைத்தொட்டியை மறுபடி கொண்டுவந்துவிடும். அதை அணைக்க முடிந்தால் அணையுங்கள். முடியாவிட்டால் எடிட்டிங்கில் கறுப்பைக் கீழே இறக்குங்கள்.

எந்த லென்ஸ் வாங்கலாம்?

இருப்பதே போதும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் தேர்வு 50 அல்லது 85 மி.மீ. அகன்ற லென்ஸ் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு வரும், நமக்கு வெளியே தள்ளுவதுதான் வேலை. போனில் 2 மடங்கு ஜூமை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டடக் கோடுகள் சாய்ந்து வருகின்றன. எடிட்டிங்கில் சரி செய்தால் போதாதா?

ஓரளவு போதும். ஆனால் நிறைய திருத்தினால் ஓரங்கள் வெட்டுப்படும், நாம் கணக்குப் போட்டு விட்ட இடம் போய்விடும். மேல்நோக்கிக் கேமராவைச் சாய்த்தால் செங்குத்துக் கோடுகள் மேலே போகப் போகக் குவியும். அது வேண்டாம் என்றால் கேமரா சுவருக்கு இணையாக நிற்க வேண்டும். கேமராவிலும் போனிலும் திரையில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டு குழாயோ சன்னல் விளிம்போ ஏதாவது ஒன்றை அதோடு பொருத்துங்கள்.

நெரிசலான படத்தில் ஒரு பாகை சாய்வை யாரும் கவனிக்க மாட்டார்கள். படத்தில் மூன்றே கோடுகள் இருக்கும்போது அந்த ஒரு பாகைதான் முதலில் கண்ணில் குத்தும். சாய்ப்பதென்றால் நன்றாகச் சாயுங்கள், வேண்டுமென்றே செய்தது என்று தெரியட்டும்.

நிறமா, கறுப்பு வெள்ளையா?

நிறத்தை எடுத்துவிட்டால் படம் நிற்குமா என்று கேட்டுப் பாருங்கள். நிழலும் வடிவமும்தான் படம் என்றால் கறுப்பு வெள்ளை. நிறம்தான் காரணம் என்றால் நிறத்தோடு விடுங்கள். சாம்பல் தெருவில் ஒரு சிவப்புக் குடை இருந்தால் வேறெதுவுமே வேண்டாம்.

ஒரு பொறி இருக்கிறது. பச்சைச் சுவர் முன்னால் சிவப்புச் சட்டை கண்ணைப் பறிக்கும். அதையே கறுப்பு வெள்ளையாக்கினால் இரண்டும் ஒரே சாம்பலாகி, ஆள் சுவரோடு சேர்ந்துவிடலாம். நிறம் வேறு, வெளிச்ச அளவு வேறு. எடுக்கும்போதே திரையைக் கறுப்பு வெள்ளையில் வைத்துப் பார்த்தால் இது உடனே தெரியும். ரா கோப்பில், அதாவது சென்சாரின் தகவலை அப்படியே வைக்கும் கோப்பில், சேமித்தால் நிறம் பத்திரமாக இருக்கும்.

நிறத்துக்கு இரண்டு பேரைப் பார்க்கச் சொல்வேன். சால் லெய்ட்டர் 1940களின் இறுதியிலிருந்து நியூயார்க் தெருக்களை வண்ணத்தில் எடுத்தார். நீராவி படிந்த கண்ணாடி, ஃப்ரேமின் பெரும்பகுதியை அடைக்கும் இருட்டு, ஒரு கீற்றில் மட்டும் ஒரு ஆள். காலி இடம் என்றால் வானமும் சுவரும் மட்டுமில்லை, முன்னால் நிற்கும் மங்கலான கதவும் காலி இடம்தான் என்று அவரிடம் கற்றுக்கொள்ளலாம். இத்தாலியரான ஃபிராங்கோ ஃபொன்டானா இதற்கு நேர் எதிர். சுவரையும் வானத்தையும் சாலையையும் வெட்டி ஒட்டிய வண்ணத் தாள்போல் தட்டையாக்கினார். ஆழமே இல்லாத அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வெளியே போனால் சாதாரணச் சுவர்கள்கூட வேறு மாதிரி தெரியும்.

மழையிலும் இரவிலும் எடுக்கலாமா?

கட்டாயம். தார்ச்சாலை நனைந்தால் கறுப்பு கூடி, மேலே கண்ணாடிபோல் ஆகும். தரையின் சொரசொரப்பும் கறையும் மறைந்து ஒரே பரப்பாகிவிடும். மூடுபனி பின்னால் இருப்பதை அடுக்கடுக்காக அழிக்கும், தூரம் கூடக்கூட வெளுக்கும். இரவில் ஒற்றை விளக்குக் கம்பத்தின் அடியில் நிற்கும் வட்டம் தயாரான மேடை, எக்ஸ்போஷரை மட்டும் அந்த வட்டத்துக்கு வையுங்கள்.

ஆளே இல்லாமல் எடுத்தால் தெருப் படம் ஆகுமா?

ஆகும். தனியாகக் கிடக்கும் நாற்காலி, சுவரில் சாய்த்த சைக்கிள், பூட்டிய கதவின் மேல் ஒரு சன்னல் மட்டும் திறந்திருப்பது எல்லாம் ஆள் இருந்துவிட்டுப் போன தடயங்கள். ஆனால் தொடங்குகிறவர்கள் இதிலேயே தங்கிவிடக் கூடாது என்று நினைக்கிறேன். நாற்காலி காத்திருக்கும், மனிதர் காத்திருக்க மாட்டார். கண்ணும் கையும் ஒன்றாக வேலை செய்யப் பழகுவது நடப்பவர்களை எடுக்கும்போதுதான்.

தேவையில்லாததை மென்பொருளில் அழித்துவிடலாமா?

எதற்காக எடுத்த படம் என்பதைப் பொறுத்தது. செய்திப் படத்தில் சேர்ப்பதும் நீக்குவதும் ஏற்கப்படாது. கலைப் படமாக வைக்கும்போது அப்படித் தடை இல்லை, செய்ததை மறைக்காமல் இருந்தால் போதும்.

ஹாங்காங்கின் ஃபான் ஹோ இதற்கு நல்ல உதாரணம். 1954-இல் அவர் எடுத்த புகழ்பெற்ற படத்தில் ஒரு இளம்பெண் வெள்ளைச் சுவரில் சாய்ந்து நிற்கிறார், சுவரின் குறுக்கே முக்கோண நிழல் அவரை நோக்கி இறங்குகிறது. அந்தப் பெண் அவருடைய உறவினர். அந்த நிழல் தெருவில் இல்லை, இருட்டறையில் சேர்த்தது. தெரிந்த பிறகும் அந்தப் படம் எனக்குக் குறைந்துவிடவில்லை.

இருந்தாலும் நான் அழிப்பதில்லை. அழித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்துவிட்டால் எடுக்கும் நேரத்தில் மூலைகளைப் பார்ப்பது நின்றுவிடும், இரண்டு அடி நகர்வதும் நின்றுவிடும். ஏணிப் படத்தில் அந்தப் பையைத் தொடவில்லை, வலது ஓரத்தை வெட்டினேன். கூடவே நிழல் போய் மூலையைத் தொடும் இடமும் போய்விட்டது. மூன்று நாள் காத்திருந்தது அந்த மூலைக்காகத்தான்.

எவ்வளவு வரை க்ராப் செய்யலாம்?

24 மெகாபிக்சல் படம் 6000×4000. இரு பக்கத்திலும் பாதியாக வெட்டினால் 3000×2000, அதாவது 6 மெகாபிக்சல் மிஞ்சும். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சிட்டால் 10 அங்குல அகலம் வரும், அது போதும். வெட்டும்போது சதுரத்தையும் முயன்று பாருங்கள். சதுரத்தில் எந்தப் பக்கத்துக்கும் சாய்வில்லை, அதனால் காலி இடம் இன்னும் அமைதியாகிறது.

தெரியாதவர்களைப் படம் எடுப்பது சரியா?

பொது இடத்தில் படம் எடுப்பது, வெளியிடுவது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. நீங்கள் இருக்கும் இடத்தின் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். மினிமலிஸ்ட் படங்களில் முகம் தெரிவது குறைவு என்பதால் சிக்கலும் குறைவு. யாராவது வேண்டாம் என்று கை காட்டினால் அவர் முன்னாலேயே அழித்துவிடுங்கள்.

சட்டத்தைத் தாண்டி ஒன்று என் மனதில் இருக்கிறது. இந்த வகைப் படத்தில் மனிதர் ஒரு புள்ளியாக, ஒரு வடிவமாக மாறுகிறார். வேலைக்குப் போகும் ஒருவரை அப்படி எடுக்கலாம். நடைபாதையில் படுத்துத் தூங்கும் ஒருவரை, சுவரின் நிறம் நன்றாக இருக்கிறது என்பதற்காக அப்படி எடுக்கக் கூடாது. அவருடைய கஷ்டத்தை அலங்காரமாக்கும் படத்தை நான் எடுக்க மாட்டேன், நீங்களும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. சுவர், ஆள், சுவர், ஆள். என்ன செய்வது?

எல்லோருக்கும் வரும் கட்டம். செய்முறை கைவந்ததும் படம் அச்சு வார்த்ததுபோல் வரத் தொடங்கும். அப்போது அந்த ஆளைப் பாருங்கள். யாரோ ஒருவராக, எந்த ஆளை வைத்தாலும் பொருந்துவதாக இருந்தால் படத்தில் குறை இருக்கிறது. ஏணி சுமந்தவருக்குப் பதில் வேறொருவர் வந்திருந்தால் அந்தப் படமே வேறு. கையில் என்ன இருக்கிறது, தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, தயங்குகிறாரா, ஓடுகிறாரா? காலி இடம் அதிகமாக இருப்பதால் இந்தச் சின்னச் சைகைதான் முழுப் படத்தையும் தாங்குகிறது.

ஆந்த்ரே கெர்டெஸ் நியூயார்க்கில் தன் 12-ஆம் மாடி வீட்டிலிருந்து கீழே தெரிந்த வாஷிங்டன் சதுக்கத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தார். 1954-இல் எடுத்த பனிக்காலப் படத்தில் இலையுதிர்ந்த மரங்கள், வளைந்து போகும் வேலி, வெள்ளைத் தரையில் தனியாக நடக்கும் ஒரு கறுப்பு உருவம். அதே சன்னல், அதே சதுக்கம். மாறியது பருவமும் கீழே நடந்தவர்களும்தான். அலுப்பு வரும்போது இடத்தை மாற்றுவதற்கு முன் இதை யோசித்துப் பாருங்கள்.

கணினியில் நன்றாக இருக்கும் படம் போனில் எடுபடவே இல்லை. யாரும் கவனிப்பதும் இல்லை. ஏன்?

அளவுதான் காரணம். போனை நேராகப் பிடித்துப் பார்க்கும்போது படுக்கைவாட்டுப் படம் ஏறக்குறைய நாலரை செ.மீ. உயரத்தில்தான் தெரிகிறது. அதில் இருபதில் ஒரு பங்கு ஆள் என்றால் இரண்டு மி.மீ. சுருக்கிப் பதிவேற்றும்போது அந்த இரண்டு மி.மீ.-யும் கலங்கிவிடும். போனில் பார்ப்பவர்களுக்காக எடுப்பதென்றால் நெடுக்குவாட்டில் எடுங்கள், ஆளைப் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே விடாதீர்கள்.

பிடித்த ஒரு படத்தையாவது 45 செ.மீ. அகலத்துக்கு அச்சிட்டுச் சுவரில் மாட்டிப் பாருங்கள். அதில் அந்த ஆள் ஒன்றரை செ.மீ. இருப்பார். அறையின் வாசலிலிருந்து பார்த்தால் சுவரும் நிழலும்தான் தெரியும். கிட்டே போகப் போகத்தான் அவர் தோளில் ஏதோ சுமந்து போகிறார் என்பது தெரியும்.